புடலைப் பந்தல்ல சிக்கின காத்து

ஒரே ஒரு ஊர்ல, கடல் இரைச்சல் காதுல விழுற தூரத்துல, குப்பாயின்னு ஒருத்தி இருந்தா. என்னடா சிரிப்பு? அவ ஆத்தாளுக்குப் பொறந்தது ஒண்ணும் தங்கலை. அதனால இவளைக் குப்பைமேட்டுல ஒரு பிரட்டு பிரட்டி அந்தப் பேரை வச்சாங்க, எமன்கூட வேண்டாம்னு போயிடட்டும்னு. அவனும் போயிட்டான். ஆனா குப்பாயிக்குப் புள்ளை குட்டி வாய்க்கலை, புருஷனும் போய்ச் சேர்ந்துட்டான். மிச்சம் இருந்தது வீட்டுக்குப் பின்னால ஒரு துண்டுக் காய்கறித் தோட்டம்தான்.

சாணி, சாம்பல், மக்கின இலை, இதைத் தவிர அந்த மண்ணுக்கு அவ எதையும் ஊட்டினதில்லை. காலை வச்சா மெத்துனு உள்ள போகும். வேலிக்கு அந்தப் பக்கம் தாண்டவன் தோட்டம். அவனுக்கு எல்லாம் சீக்கிரம் வேணும். கடையில விக்கிற சீமை உப்பு உரத்தை அள்ளி அள்ளிப் போட்டு, மண்ணைச் சுட்ட சட்டி மாதிரி ஆக்கி வச்சிருந்தான்.

அந்த ஊர்ல ஒரு கட்டு உண்டு. மாசித் திருவிழாவுக்கு ஒவ்வொருத்தரும் தன் தோட்டத்துக் காய் ஒரு கூடை அம்மன் முன்னால வைக்கணும். வைக்காதவங்க தோட்டம் வேலியடுத்தவங்களுக்குப் போயிடும். புயலடிச்சுது, வெள்ளம் வந்துதுன்னு சாக்குச் சொல்ல முடியாது.

அந்த வருஷம் பார்த்து கார்த்திகையில ஒரு புயல் வந்துச்சு. வாழை விழுந்துச்சு, முருங்கை முறிஞ்சுச்சு, கூரை பறந்துச்சு. விடிஞ்சு பார்த்தா தோட்டம் இருந்த இடத்துல வெறும் தண்ணி. குப்பாயி தலையில கையை வச்சுக்கிட்டு உட்கார்ந்துட்டா. "இதுவும் போச்சுன்னா நான் எங்கே போவேன் தாயி"ன்னு அழுதா.

அழுதுட்டு எழுந்திரிச்சா, வேற என்ன செய்ய? அவ மண்ணு தண்ணியைக் குடிச்சிடுச்சு, தாண்டவன் மண்ணுல அது தேங்கி நாறிச்சு. அப்புறம் இவ செடி துளிர்த்துச்சு, கொடி ஏறுச்சு, பூவும் பூத்துச்சு. ஆனா பிஞ்சு மட்டும் பிடிக்கலை. தேனீ எல்லாம் புயலோட போயிடுச்சே, பூவுக்குப் பூ யார் போறது? காலையில பூத்தது சாயங்காலம் உதிரும். திருவிழா கிட்ட வருது.

ஒருநாள் விடியக்காலை புடலைப் பந்தலுக்குள்ள விசும்புற சத்தம். போய்ப் பார்த்தா ஆளைக் காணோம். இலை மட்டும் சுத்திச் சுத்தி ஆடுது. கன்னுக்குட்டி மூச்சு மாதிரி ஏதோ அவ கன்னத்துல பட்டுது.

"யாரு?"ன்னு கேட்டா.

"நான் காத்து. எங்கம்மாதான் அந்தப் புயலு. போகிற வேகத்துல கை நழுவிட்டேன். தேடித் தேடி வந்து உங்க கொடியில சிக்கிக்கிட்டேன் அத்தை"ன்னுச்சு அந்தக் குட்டிக் காத்து.

அத்தையாம்! அவளை அதுக்கு முன்னால ஒருத்தரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. கொடியை மெதுவா விலக்கி, முந்தானையில ஏந்தி வீட்டுக்குக் கொண்டுபோனா. வந்த பிள்ளை சும்மா இருந்துச்சா? விளக்கை அணைச்சுது, மாவை இறைச்சுது, பானையை உருட்டிச்சு.

"அடேய், உனக்கும் ஒரு கல்லு கட்டினாத்தான் சரிப்படும்"னா குப்பாயி.

புடலைப் பிஞ்சு சுருண்டுக்கும் இல்லையா, நுனியில ஒரு சின்னக் கல்லைக் கட்டித் தொங்கவிட்டா நேரா நீளும். அதே மாதிரி காத்தோட வால்ல வாழைநாரால ஒரு கல்லைக் கட்டிவிட்டா.

"எங்கம்மா வந்தா?"

"வந்தா அவுத்து விட்டுடுவேன். மண்ணு மேல சத்தியம்"னா. சொல்லிட்டு முடிச்சை இன்னொரு தடவை இறுக்கினா.

கல்லு கட்டினதும் காத்து எகிறலை, செடி உயரத்துலயே நடந்துச்சு. கத்தரியை ஒரு உலுக்கு, வெண்டையை ஒரு உலுக்கு, புடலையை ஒரு உலுக்கு. பூவுக்குள்ள இருக்கிற மஞ்சப் பொடி பூவுக்குப் பூ பறந்துச்சு, பிஞ்சு பிடிச்சுது. வெயில் தாழ்ந்த நேரத்துல பார்த்தா தோட்டமே தூக்கத்துல சிரிக்கிற மாதிரி இருக்கும். ஒரு வரிசை இலை ஆடும், அப்புறம் அடுத்த வரிசை ஆடும். பந்தலுக்கடியில குப்பாயி கஞ்சி குடிப்பா, காத்து மடியில படுத்திருக்கும். அவளுக்குத் திருவிழா ஞாபகம்கூட மறந்துபோயிடும்.

தாண்டவன் வேலியில கண்ணை வச்சுப் பார்த்துட்டான். அவ ஆத்துக்குப் போன நேரம் பார்த்து, "தம்பி, எங்க நெல்லுக் குதிர்ல உமி கிடக்கு, ஊதி விளையாடலாம் வா"ன்னான். பாவம் அது போயிடுச்சு. குதிருக்குள்ள இறங்கினதுதான் தாமசம், மூடியைப் போட்டுச் சாணியால பூசிட்டான்.

"என் செடியிலயும் காய் வரணும். அடியில ஓட்டை இருக்கு பாரு, உன் வால் கல்லு அதுல நுழையாது, மூச்சு நுழையும், அது வழியா ஊது"ன்னான்.

"வெளியே விடு, ஊதுறேன்."

"ஊது, வெளியே விடுறேன்."

அன்னிக்கும் இதே பேச்சு, மறுநாளும் இதே பேச்சு, அதுக்கு மறுநாளும் இதே பேச்சு. ஏய், கொட்டாவி விடாதே, இப்பத்தான் புயல் திரும்பி வருது.

திருவிழாவுக்கு முதல் நாள், பொழுது சாயுது. குப்பாயி காய் பறிச்சுக் கூடையில வைக்கிறா, பிள்ளையைக் காணாம கண்ணுல தண்ணி நிக்கலை. கடல் பக்கம் கறுத்துச்சு, பந்தல் கால் நடுங்குச்சு.

"எம்பிள்ளை வாசம் இங்கே அடிக்குது. எங்கே அவன்?"னு கேட்டா புயலாத்தா.

நான் பார்க்கவே இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா குப்பாயி தப்பிச்சிருப்பா. சொல்லலை.

"எங்கிட்டதான் இருந்தான் ஆத்தா. வால்ல கல்லு கட்டி வச்சிருந்தேன். இப்பக் காணோம். தோட்டத்தை வேணும்னா எடுத்துக்கோ, மொதல்ல பிள்ளையைத் தேடுவோம். நீ இப்படி இரைஞ்சா அவன் குரல் எப்படிக் கேட்கும்? கொஞ்சம் மூச்சை அடக்கி நில்லு"ன்னா.

புயலைப் போய் நில்லுன்னு சொன்னவ இவ ஒருத்திதான். புயலும் நின்னுச்சு. கடல் நின்னுச்சு, மரம் நின்னுச்சு, மேகம் நின்னுச்சு. அந்த அமைதியில வேலிக்கு அந்தப் பக்கமிருந்து டொக், டொக், டொக். அவ கட்டின கல்லு குதிர்ச் சுவத்துல முட்டுது.

தாண்டவன் ஓடிப்போய் மூடி மேல ஏறி உட்கார்ந்தான். புயலாத்தா குதிரோட அவனைத் தூக்கி, நேரா கோயில் வாசல்ல போட்டா. குதிர் உடைஞ்சு காத்து வெளியே வந்துச்சு.

பின்னாலயே ஓடி வந்த குப்பாயி வாழைநாரை அவுத்தா. "போயிட்டு வாடா"ன்னா. கன்னத்துல ஒரு மூச்சு பட்டுது, அவ்வளவுதான்.

மறுநாள் அம்மன் முன்னால அவ கூடை நிறைஞ்சு வழிஞ்சுது. தாண்டவன் கையில கூடை இருந்துச்சு, கூடையில காய் இல்லை. அவன் நம்பியிருந்த அதே கட்டு அவனைக் கட்டிடுச்சு, தோட்டம் குப்பாயிக்கு வந்துச்சு. "நீ எங்கேயும் போக வேண்டாம். காலையில எழுந்து பூவுக்குப் பூ ஊது, கஞ்சி ஊத்துறேன்"னா அவ. தேனீ திரும்பி வர்ற வரைக்கும் ஊதி ஊதி அவன் கன்னம் பூரியாப் போச்சு.

அந்தக் கல்லை மட்டும் அவ தூக்கிப் போடலை. காயில்லாத ஒரு கொடியில கட்டித் தொங்கவிட்டா. வருஷா வருஷம் கார்த்திகை கழிஞ்சு ஒருநாள், ஊர்ல ஒரு இலை அசையாது, அந்தக் கல்லு மட்டும் ஆடும். குப்பாயி கஞ்சிக் கலயத்தை இறக்கி வச்சுட்டு மடியை விரிச்சு உட்காருவா.

குதிர்ல போட்டது குதிரோட, பந்தல்ல விட்டது பந்தலோட, எங்கதை உங்களோட. கண்ணை மூடுங்க.