விலை கேட்டதும் கசந்த விஸ்கி

முன்னொரு காலத்தில், பெயரைச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள் என்பதால் நான் சொல்லாமல் விடுகிற ஒரு கடற்கரை நாட்டில், மன்னர் ஒருவர் இருந்தார். நல்லவர்தான். ஆனால் அவர் புருவம் சுளித்தால் ஊரே சுளிக்கும். ஒரு ராஜாவுக்கு அதைவிடக் கெட்ட வியாதி கிடையாது.

ஒருநாள், ஸ்காட்லாந்து என்னும் குளிர்நாட்டுக் கப்பல் வியாபாரி டங்கன், விஸ்கி ஒரு பீப்பாய் காணிக்கையாகக் கொண்டுவந்தான். சபையோருக்கும் ஆளுக்கொரு கிண்ணம் போயிற்று. மன்னர் ஒரு வாய் குடித்துப் புன்னகைத்தார்.

"தேவாமிர்தம்!" என்றார் பிரதானி உத்தண்டர்.

"இந்த ஜன்மத்துக்கு இது போதும்," என்றார் அரண்மனை ஓலைகள் எழுதும் ராயசம் அனந்தப்பர்.

"என்ன விலை?" என்று கேட்டார் மன்னர்.

டங்கனுக்குப் பொய் வராது. "மலிவுதான், மகாராஜா. பல பீப்பாய்ச் சரக்கைக் கலந்து செய்தது. எங்கள் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்கள் குடிப்பது."

மன்னரின் முகம் கறுத்தது. உத்தண்டர் வாயில் இருந்ததைத் துப்பினார். "தூ! கழுநீர்!" அனந்தப்பர் வாய் கொப்பளிக்கத் தண்ணீர் கேட்டார்.

"கூலிக்காரன் குடிப்பதை எனக்கு ஊற்றினானா? இவன் நாக்கை அறுத்தெறியுங்கள்!" என்று கத்தினார் மன்னர்.

டங்கன் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டான். பாவம், உள்ளதைச் சொன்னதுதான் அவன் செய்த குற்றம்.

அரசவை விகடகவி மருதக்கூத்தர் எழுந்தார். "பிரபு, சரக்கு நல்லதா கெட்டதா என்று தெரிந்த பிறகு அறுக்கலாமே. அறுத்த நாக்கு ஒட்டாது."

கூத்தர் மேல் வெகுகாலமாகப் பொறாமையில் வெந்துகொண்டிருந்த உத்தண்டருக்குக் கரும்பு தின்னக் கூலி கிடைத்தது போலாயிற்று. "கூத்தரே தீர்ப்புச் சொல்லட்டும், பிரபு. ஆனால் சபையின் தீர்ப்புக்கு மாறாகச் சொன்னால் அவர் நாக்கும் போகட்டும்."

"அப்படியே," என்றார் மன்னர்.

"சம்மதம்," என்றார் கூத்தர். "சபையோர் இன்னொரு முறை ருசிக்க வேண்டும். ருசி பார்க்கையில் கண்ணைக் கட்டுவது முறை. அதற்கு உத்தரவு வேண்டும்."

"கட்டும்."

கூத்தர் தம் பட்டு அங்கவஸ்திரத்தை எடுத்தார். உத்தண்டர் முகத்தை நீட்டினார். கூத்தர் அவரைத் தாண்டிப் போய், சிங்காசனப் படியேறி, மன்னரின் முகம் முழுவதும் மறையும்படி பட்டைக் கட்டிவிட்டார். காவலர்கள் வாளை உருவினார்கள்.

"யார் கண்ணை என்று பிரபு சொல்லவில்லை." என்றார் கூத்தர்.

மன்னரின் கை உயர்ந்து காவலரை நிறுத்தியது. "நடக்கட்டும்."

எல்லோருக்கும் அதே விஸ்கியை ஊற்றினார்கள். மன்னருக்கும் பட்டுக்கு அடியில் ஒரு கிண்ணம் போயிற்று. உத்தண்டர் குடித்தார். மன்னரைப் பார்த்தார். பட்டுதான் தெரிந்தது.

"இதை அமிர்தம் என்று... சொல்ல முடியாது. அதற்காகக் கழுநீர் என்றும்..."

"பிரதானி சொன்னதுதான் என் கருத்தும்," என்றார் அனந்தப்பர்.

"பிரதானி என்ன சொன்னார்?" என்று பட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது. அனந்தப்பர் உத்தண்டரைப் பார்த்தார்.

"கூத்தரே, நீர் சொல்லும்."

"முதலில் லேசாகப் புகை மணக்கிறது, பிரபு. பிறகு வெல்லப்பாகு போல ஓர் இனிப்பு. தொண்டையில் கொஞ்சம் எரிகிறது, சுவை சீக்கிரம் ஓடிவிடுகிறது. உயர்ந்த சரக்கு இல்லை. ஆனால் சிறிது தண்ணீர் விட்டால், நாளெல்லாம் மூட்டை தூக்கியவனை ஏமாற்றாது. கொடுக்கிற விலைக்கு நியாயமானது. இதற்கு மாறான தீர்ப்பு சபையில் இருந்தால் என் நாக்கை எடுத்துக்கொள்ளுங்கள்."

சபையில் எந்தத் தீர்ப்பும் இல்லை.

"எனக்கும் அந்தப் புகை தெரிந்தது," என்றார் மன்னர் மெதுவாக. "ஆனால் இத்தனை வருஷமாய்க் குடித்ததெல்லாம் என்ன ருசி என்று சொல்லத் தெரியவில்லை. நான் உங்கள் முகத்தைப் பார்த்தேன், நீங்கள் என் முகத்தைப் பார்த்தீர்கள். குடித்தது யார்?"

அவருடைய தோள்கள் குலுங்கின. சிரிப்பா, அழுகையா? உத்தண்டர் எதற்கும் இருக்கட்டும் என்று பாதிப் பல்லைக் காட்டினார். அனந்தப்பர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மன்னர் பட்டை அவிழ்த்தார். சிரித்துக்கொண்டிருந்தார், கண்களும் நனைந்திருந்தன. தம் முத்துமாலையைக் கழற்றிக் கூத்தரின் கழுத்தில் போட்டார். பிறகு காலிக் கிண்ணத்தை டங்கனிடம் நீட்டி, "இன்னும் கொஞ்சம் ஊற்று," என்றார்.

அப்போதுதான் டங்கன் வாயிலிருந்து கையை எடுத்தான்.