புல்லு வெட்டாத ராசா

ரொம்பத் தூரத்துல, அமெரிக்காவுல, கண்ணுக்கு எட்டுன வரைக்கும் புல்லு, புல்லு, புல்லு மட்டுமே இருந்த பூமியில ஒரு ஊர் இருந்துச்சாம். மரம் ஒண்ணுகூடக் கிடையாது. நெசமாவான்னு கேக்காதீங்க, நெசந்தான். ஊர்னா வீடு இல்ல, எல்லாம் வளை. இருந்தது எல்லாம் புல்வெளி நாய்ங்க. பேர்தான் நாய். பாத்தா கொழுத்த அணிலு, வாயத் தொறந்தா குரைப்பு, அதனால அந்தப் பேரு.

அந்த ஊர்ல ஒரு வழக்கம். விடிஞ்சதும் வளையச் சுத்தி இருக்கிற புல்லையெல்லாம் பல்லால கடிச்சு மொட்டை அடிச்சிட்டுத்தான் மறுவேலை. எதுக்கு? திங்க வர்றவன் தூரத்துலயே தெரியணும்ல. நடுநடுவுல ஒருத்தி எகிறிக் குதிச்சு, தலையப் பின்னால சாய்ச்சு, "யீ-யூ!"ன்னு கத்துவா. உடனே பக்கத்து வளைக்காரன் "யீ-யூ!", அவனுக்குப் பக்கத்து வளைக்காரன் "யீ-யூ!", ஊரே குதிக்கும். எல்லாரும் முழிச்சிருக்கோமான்னு பாத்துக்கறதுக்குத்தான். பாக்கிறவனுக்கு ஊருக்கே பேய் புடிச்ச மாதிரி இருக்கும்.

அந்த ஊருக்கு ஒரு ராசா, தொப்பைராசா. அங்க கருவாலின்னு ஒருத்திக்கு மூணு குட்டி. இன்னும் வெளிச்சமே பாக்காத குட்டிங்க.

அப்பதான் கயோட்டின்னு ஒரு நரி வந்து, ஊர் எல்லையில உக்காந்து, பெருமூச்சு விட்டுச்சு.

"என்னடா மூச்சு?"ன்னாரு ராசா.

"ஒண்ணுமில்ல மகாராசா. இவ்ளோ பெரிய ராசா, ஊரு மட்டும் பேனுக்காகச் செரச்ச தலை மாதிரி இருக்கேன்னு வருத்தம். முயல் சிரிக்குது, ஆந்தை சிரிக்குது, சாணி உருட்டுற வண்டுகூட சிரிக்குது."

"வண்டா!"ன்னு ராசாவுக்குத் தொப்பையே கொதிச்சிருச்சு. "இனிமே எவன் புல்லுல பல்லு வெக்கிறானோ, அவனுக்குப் பல்லு இருக்காது!"

அப்புறம் என்ன, புல்லு முட்டிக்கு வந்துச்சு. கருவாலி ஓடிப்போய், "ராசா, வெட்டட்டுமா?"ன்னா. "அழகும்மா அது, விடு"ன்னாரு. தொப்பைக்கு வந்துச்சு. "ராசா, வெட்டட்டுமா?" "பூ பூக்குது பாரு, விடு." தலைக்கு மேல போச்சு. "ராசா, எங்க இருக்கீங்க, தெரியலையே, வெட்டட்டுமா?" "விடுன்னா விடு!"ன்னு குரல் மட்டும் வந்துச்சு.

ராசாவோட மச்சானைக் காணோம். "மாமியார் வீட்டுக்குப் போயிருப்பான்"னாரு ராசா. மச்சானோட தம்பியக் காணோம். "அண்ணனைத் தேடிப் போயிருப்பான்." கெழட்டுப் பூசாரியக் காணோம். "அவரு... அவரும் மாமியார் வீட்டுக்குத்தான்." பூசாரிக்குக் கல்யாணமே ஆகல!

இதுக்குள்ள கருவாலிக்குப் பால் வத்திப்போச்சு. குட்டிங்க வெளிய வந்து புல்லு திங்கலன்னா செத்துரும். மெல்ல மூக்க நீட்டுனா, வளை வாசல்லயே நரி வாடை. கயோட்டி அங்கயே புல்லுக்குள்ள படுத்திருக்கு.

"வாம்மா, புள்ளைங்களக் கூட்டிட்டு வா, வெளிய காத்து நல்லாருக்கு"ன்னுச்சு.

"குளிப்பாட்டிட்டுக் கூட்டிட்டு வரேண்ணே, நகராம இருங்க"ன்னு சொல்லிட்டு, குட்டிங்கள உள்ளறைக்குள்ள தள்ளிட்டு, சுரங்கத்துல ஓடி, ஊருக்கு வெளிய இருந்த பின்வாசல் வழியா வந்து, மேட்டுக்கு ஏறுனா. அங்க காட்டெருமைக் கூட்டம்.

"பெரியப்பா, முதுகு அரிக்குதா?"ன்னு முன்னால நின்ன பெரிய எருமையக் கேட்டா.

"அரிக்காம? சொறிஞ்சுக்க ஒரு மரம் உண்டா இந்த நாசமாப்போன பூமியில!"

"எங்க ஊருக்கு வாங்க. மேல புல்லு, அடியில பொடிமண்ணு. தின்னுட்டு உருளுங்க."

"உங்க ஊர்லயா? நீங்கதான் எல்லாத்தையும் கடிச்சு வெச்சிருவீங்களே."

"ராசா வெட்டக் கூடாதுன்னுட்டாரு."

"ஏன், பல்லு வலியா?"

"புத்தி வலி, பெரியப்பா."

எருமை சிரிச்சுச்சு, கூட்டமே சிரிச்சுச்சு, சிரிச்சுக்கிட்டே எல்லாம் இறங்குச்சு. தடதடதடன்னு பூமி ஆடுது. கயோட்டி, "இடி போல"ன்னு நெனச்சுச்சு. எந்திரிச்சுப் பாத்தா அதுக்கும் ஒண்ணும் தெரியல, எங்க பாத்தாலும் புல்லு! நம்மள மறைக்கிற புல்லு எருமையையும் மறைக்கும்னு அந்த அறிவாளிக்குத் தோணவே இல்ல பாருங்க. இந்தப் பக்கம் ஓடுனா குளம்பு, அந்தப் பக்கம் ஓடுனா கொம்பு, நடுவுல நின்னா பெரியப்பா சுகமா மல்லாந்து அது மேலயே உருண்டாரு. "அட, என்னமோ கீழ மெத்துன்னு இருக்கே!"ன்னு இன்னொரு தடவையும் உருண்டாரு.

கயோட்டி பிச்சுக்கிட்டு எந்திரிச்சப்ப வாலு அப்பளமா இருந்துச்சு, புல்லு ஒண்ணுகூட இல்ல. மொட்டைத் தரையில நரி மட்டும் தனியா நிக்குது. கருவாலி எகிறிக் குதிச்சா, "யீ-யூ!" ஊரே குதிச்சுச்சு. அது ஓட ஓட, போற வழியெல்லாம் "யீ-யூ! யீ-யூ!" அன்னியிலருந்து அது எங்க பதுங்கினாலும் யாராவது பாத்துக் கத்திருவாங்க. எலும்பும் தோலுமாப் போச்சு.

ராசா என்ன ஆனாருன்னு கேளுங்க. மச்சானையும் மச்சான் தம்பியையும் பூசாரியையும் பறிகொடுத்த வளைங்களுக்கு முன்னாடி தெனமும் அவரே புல்லு கடிக்கணும்னு ஊர் சொல்லிருச்சு. கடிச்சாரு. தொப்பை கரைஞ்சு போச்சு, இப்ப வெறும் ராசா.

கருவாலி குட்டிங்க மூணும் வெளிய வந்து, வெயிலப் பாத்து, கண்ணு கூச, முதல் புல்லக் கடிச்சுதுங்க.

உன் வாசலப் பத்தி உன்னவிட அதிகமா ஒருத்தன் வருத்தப்பட்டா, அவன் எங்க படுக்க இடம் பாக்கிறான்னு பாரு. அவ்ளோதான். எருமை ஏப்பம் விட்டுச்சு, கதையும் செரிச்சுப் போச்சு, போய்ப் படுங்க.