கோமளத்தின் இடது கால்

முன்னே ஒரு காலம். நாளும் கிழமையும் குறித்துவைக்க ஆள் இல்லாத காலம். ஓர் ஏரி இருந்தது, ஏரிக்கு ஓர் ஊர் இருந்தது. அந்த ஊரில் வாத்து இல்லாத வீடே இல்லை. முட்டைக்கும் இல்லை, கறிக்கும் இல்லை. பேர் வைத்துக் கூப்பிட்டு, மடியில் வைத்துக் கொஞ்சி வளர்க்கிற வாத்து.

அதற்கு ஒரு காரணம் உண்டு. ஆண்டுக்கு ஒரு நாள் ஏரியின் மடையைத் திறப்பார்கள். அன்றைக்கு ஊர்ப் பொதுத்திடலான மந்தையிலிருந்து மடை வரைக்கும் ஒரு வாத்து முன்னால் நடக்கும், ஊரே பின்னால் நடக்கும். அந்த வாத்து நடந்து சேர்ந்துவிட்டால் அதை வளர்த்தவர் கைதான் மடைப்பலகையைத் தூக்கும். வாத்தைத் தூக்கக் கூடாது, தள்ளக் கூடாது. வழியில் உட்கார்ந்துவிட்டால் போச்சு, முறை அடுத்த தெருவுக்கு.

இப்படிப்பட்ட ஊரில் வாத்துக்கென்றே ஒரு வைத்தியக்காரி இருந்தாள். பேர் செல்லக்கிளி. முப்பது வயது இருக்கும். அவளிடம் தொழில் படிக்க வந்தவர் ஆவுடையப்பர். அவருக்கு ஐம்பத்தாறு.

ஆமாம், சீடருக்குத்தான் ஐம்பத்தாறு.

ஆவுடையப்பர் மனிதருக்கு வைத்தியம் பார்த்தவர். மூன்று ஊர்க் கட்டிகளைக் கீறி ஆற்றிய கை அது. ஆனால் அவர் வீட்டு வாத்துக்கு உள்ளங்காலில் புண் வந்தபோது அந்தக் கைக்கு ஒன்றும் பிடிபடவில்லை. புண் எலும்புவரை போய் வாத்து செத்துவிட்டது. மறுநாளே மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு செல்லக்கிளியின் கொட்டகைக்கு வந்துவிட்டார். வழியில் சிரித்தவர்களைப் பார்த்து அவரும் சிரித்தார்.

ஆறு மாதம் வெந்நீர் வைத்தார், வைக்கோல் மாற்றினார், கட்டுத்துணி அலசினார். ஒரு நாள் கேட்டுவிட்டார்.

"அம்மா, கத்தியை எப்போ என் கையில குடுப்பீங்க?"

செல்லக்கிளி ஒரு வாத்தின் விரலிடுக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அடுத்து வர்ற வாத்து உங்களுது, வைத்தியரே."

அடுத்து வந்தது கோமளம். வெள்ளை வெளேரென்ற வாத்து. சுண்ணாம்பு சுடும் காளவாய் வைத்திருந்த வேம்பன் அதைத் துண்டில் சுற்றி, குழந்தையைப் போல ஏந்திக்கொண்டு வந்தான். அவன் முகத்தில் ரத்தமே இல்லை.

"தங்கச்சி, கோமளம் நொண்டுது. மடை திறக்க இன்னும் முப்பது நாள்தான் இருக்கு."

செல்லக்கிளிக்கு விளங்கிவிட்டது. ஊருக்கு வெளியே இருந்த காளவாய்த் தெருவை இந்த வாத்து நடக்கிற முறையில் சேர்த்து அதுதான் முதல் வருஷம். சேர்க்கக் கூடாது என்று மேலத்தெருவில் நாலு பேர் சொன்னார்கள். சேர்க்கலாம் என்று ஊர் சொன்னது. திருவுளச்சீட்டில் வேம்பன் பேர் வந்தது. கோமளம் வழியில் உட்கார்ந்தால் அந்த நாலு பேருக்கும் வாய் கிடைத்துவிடும்.

"இது எங்கண்ணே நடக்கும்?" என்று கேட்டாள் செல்லக்கிளி.

"எங்க முற்றத்துலதான். காளவாய்ப் பக்கம்."

"கிளிஞ்சல் சில்லு கெடக்குமே."

"அது கெடக்கும், கூடையில அள்ளலாம்."

"போய் ஏரி மணலைக் கொண்டாந்து ஒரு சாண் உயரத்துக்குப் போடுங்க. சுண்ணாம்புத் தூள் படாம ஒரு தட்டி கட்டுங்க." சொல்லிவிட்டு அவள் எழுந்துகொண்டாள். "வாத்து வைத்தியரோடது."

ஆவுடையப்பர் கோமளத்தை வாங்கி மல்லாத்தி, வலது காலைப் பார்த்தார். உள்ளங்கால் வீங்கிச் சூடாக இருந்தது. நடுவில் மிளகு மாதிரி ஒரு கறுப்புப் பொருக்கு.

வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் காலை ஊறவைத்தார். பொருக்கு இளகும்வரை அவசரப்படவில்லை. பிறகு கத்தியின் நுனியால் விளிம்பை மெதுவாகக் கிளப்பினார்.

"ஏன் வைத்தியரய்யா," என்றான் வேம்பன், "போன வருஷம் என் முதுகுக் கட்டியைக் கீறுனப்போ இவ்வளவு மெதுவா கீறலையே."

"நீ கத்துவேன்னு தெரியும். இது கத்தாது, கடிச்சிடும். றெக்கையை அமுக்கிப் பிடி."

பொருக்கோடு சேர்ந்து உள்ளே இருந்த கட்டிச் சீழ் வந்தது. கடலைப் பருப்பு அளவில், மஞ்சளாக, கெட்டியாக. ஒரு துளிகூட மிச்சம் வைக்கவில்லை அவர். குழியைக் கழுவி, வேப்பெண்ணெயில் குழைத்த மஞ்சளை வைத்து, பஞ்சை மெத்தையாக்கி, விரல்களுக்கு நடுவில் குறுக்கும் நெடுக்குமாகத் துணியைச் சுற்றிக் கட்டினார். கட்டு முடிந்ததும் அது கட்டு மாதிரியே இல்லை. கோமளத்துக்கென்று தைத்த செருப்பு மாதிரி இருந்தது.

செல்லக்கிளி தூரத்திலிருந்து பார்த்தாள்.

"நல்ல கை," என்றாள்.

ஆறு மாதத்தில் அவள் சொன்ன முதல் பாராட்டு. அன்று ஆவுடையப்பருக்குச் சோறு இரண்டு கவளம் கூடுதலாகவே இறங்கியது.

கோமளம் கொட்டகையிலேயே இருந்தது. காய்ந்த வைக்கோல்மேல் படுக்கை. தினமும் காலையில் ஆவுடையப்பர் கட்டைப் பிரிப்பார், கழுவுவார், புது மருந்து வைப்பார், புதுத் துணி சுற்றுவார். நாலாம் நாள் சிவப்பு குறைந்தது. பத்தாம் நாள் குழி மேடேறியது. பதினாறாம் நாள் பூண்டுத் தோல் மாதிரி புதுத்தோல் வந்தது. வேம்பன் வரும்போதெல்லாம் அவர் அந்த வலது காலைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டுவார்.

"பார்த்துக்க. இனி இதுக்கு ஒரு குறையும் கிடையாது."

வேம்பன் காளவாய்த் தெருவுக்குப் போய்ச் சொல்லுவான். காளவாய்த் தெரு ஊருக்குச் சொல்லும். 'வாத்து வைத்தியர்' என்று கேலி செய்தவர்களே அதே பேரை மரியாதையாகச் சொல்ல ஆரம்பித்தார்கள். இருபத்தைந்தாம் நாள் கட்டை எடுத்துத் தொட்டியில் நீந்தவிட்டார். கோமளம் இரண்டு காலாலும் தண்ணீரைத் தள்ளியது. ஆவுடையப்பர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் நின்ற நிற்பைப் பார்த்தால் தண்ணீரையும் அவர்தான் உண்டாக்கினார் என்று தோன்றும்.

மடை திறக்கிற நாள் விடிந்தது.

கோமளத்தைக் குளிப்பாட்டித் துடைக்கும்போது ஆவுடையப்பரின் பெருவிரல் அதன் இடது உள்ளங்காலில் பட்டது. ஏதோ தட்டுப்பட்டது. திருப்பிப் பார்த்தார்.

இடது உள்ளங்காலின் நடுவில் ஒரு சின்ன வட்டம். ஆறிப்போன வட்டம், புதுத்தோல். சுற்றிலும் மஞ்சள் கறை. அந்தக் கறையை அவர் இத்தனை நாளும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். வலது காலுக்குத் தான் போட்ட மருந்து வழிந்து ஒட்டியது என்று நினைத்திருந்தார்.

வாத்தை மடியில் இருத்தி, விரலால் அந்த வட்டத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு கூப்பிட்டார்.

"அம்மா, இது எப்போ வந்தது?"

செல்லக்கிளி வந்து எட்டிப் பார்த்தாள்.

"நாலாம் நாள். வலதை ஊன்ற முடியலைன்னா பாரமெல்லாம் இடதுலதானே இறங்கும். சிவந்து, விதை மாதிரி கெட்டியாச்சு. ஆரம்பத்துலயே பார்த்ததால கத்தி தேவைப்படல."

"எப்போ மருந்து போட்டீங்க?"

"தினமும் மத்தியானம். நீங்க குளிக்கப் போற நேரம்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொல்லத்தான் வந்தேன். நீங்க வேம்பண்ணன்கிட்ட இனி ஒரு குறையும் கிடையாதுன்னு சொல்லிட்டிருந்தீங்க. அண்ணன் முகத்தைப் பார்த்தேன். திரும்பிப் போயிட்டேன்."

"மறுநாள்?"

"மறுநாள் நீங்களே பார்ப்பீங்கன்னு இருந்தேன். அதுக்கு மறுநாளும் இருந்தேன்."

வாசலில் மேளம் கேட்டது. வேம்பன் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்து நின்றான். காளவாயில் வெந்த கைகளைத் தேய்த்துக் கழுவியிருந்தான்.

"வைத்தியரய்யா, தூக்கிட்டுப் போலாமா?"

ஆவுடையப்பர் கோமளத்தைக் கொடுக்காமல் செல்லக்கிளியைப் பார்த்தார்.

"வலதை இருபத்தஞ்சு நாள் பார்த்தேன். இடதை ஒரு நாளும் பார்க்கல. மடை வரைக்கும் தாங்குமா?"

"நடக்கட்டும்," என்றாள் அவள்.

மந்தையில் வேம்பன் கோமளத்தைத் தரையில் விட்டான். அது கழுத்தை நீட்டி ஊரைப் பார்த்தது. ஊர் அதைப் பார்த்தது. பிறகு நடக்க ஆரம்பித்தது.

அடடா, அந்த நடையைச் சொல்ல வேண்டும். இடுப்பை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டி, நெஞ்சை நிமிர்த்தி, அவசரமே இல்லாமல். பின்னால் வருகிற இருநூறு பேரும் தன் வீட்டு ஆட்கள் என்பது போல. காளவாய்த் தெருப் பெண்கள் குலவை போட்டார்கள். வேம்பன் குலவைக்குத் திரும்பவில்லை, கண்ணெல்லாம் வாத்தின்மேல். ஆவுடையப்பரின் கண் வாத்தின்மேல்கூட இல்லை. அதன் இடது காலில் மட்டும்.

பாதி வழியில், வண்டித்தடம் குறுக்கிடும் இடத்தில், கோமளம் நின்றது.

மேளம் நின்றது. குலவை நின்றது.

"உக்காரப் போவுது," என்றார் மேலத்தெருக்காரர் ஒருவர். "சுண்ணாம்புல வளர்ந்த காலு எவ்வளவு தூரம் வரும்?"

வேம்பன் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். முன்னால் போகவும் கூடாது, தொடவும் கூடாது. கோமளம் இடது காலைத் தூக்கியது. தூக்கியபடியே நின்றது. ஆவுடையப்பர் குனிந்து அந்தக் காலையே பார்த்தார்.

அது அந்தக் காலால் காதோரத்தைச் சொறிந்துகொண்டது. வண்டித்தடத்தில் தேங்கியிருந்த தண்ணீரில் அலகை விட்டு இரண்டு வாய் குடித்தது. பிறகு வாலை ஒரு சிலுப்புச் சிலுப்பிவிட்டு நடந்தது.

"தாகம் அதுக்கு," என்றாள் கூட்டத்தில் ஒருத்தி. "உமக்கென்ன மாமா, அதுக்குள்ள நாக்கு வறண்டு போச்சு?"

சிரிப்பு ஏரிக்கரைவரை கூடவே வந்தது.

கோமளம் மடையருகே போய்ச் சேர்ந்து, தண்ணீரைப் பார்த்து ஒரு சத்தம் போட்டது. வேம்பன் மடைப்பலகையில் கை வைத்தான். காளவாய்த் தெருக் கை ஒன்று அந்தப் பலகையைத் தொடுவது அதுதான் முதல் தடவை. தம் பிடித்துத் தூக்கினான். தண்ணீர் நுரைத்துக்கொண்டு வாய்க்காலில் இறங்கியது. அவன் அழுதானா, தண்ணீர் தெறித்ததா, யாரும் கேட்கவில்லை.

மடைக்காரர் முறைப்படி புதுத்துண்டை எடுத்தார்.

"வாத்தை நடக்க வெச்ச கை எது?"

வேம்பன் ஆவுடையப்பரைக் காட்டினான். ஊர் அவருக்கு வழி விட்டது. அவர் முன்னால் வந்தார். துண்டுக்குக் கையை நீட்டவில்லை.

"வலது கால் என்னுது," என்றார். தெளிவாகவே சொன்னார். "நல்லா ஆத்தியிருக்கேன். யார் வேணும்னாலும் பார்க்கலாம். இடது கால் செல்லக்கிளி அம்மாவோடது. அதுல புண் வந்ததே எனக்கு இன்னைக்குக் காலையிலதான் தெரியும்."

கூட்டத்தில் சலசலப்பு. "காலுக்கு ஒரு வைத்தியரா?" என்றது ஒரு குரல்.

மடைக்காரர் செல்லக்கிளியைத் தேடினார். அவள் எல்லாருக்கும் கடைசியில் நின்றிருந்தாள்.

"ஒரு துண்டு, ரெண்டு பேரு. என்னம்மா பண்றது?"

"அவருக்கே குடுங்க. மத்தியானம் குளிச்சுட்டுத் துவட்டிக்கட்டும்."

ஊர் சிரித்தது. ஆவுடையப்பரும் சிரித்தார். துண்டை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

வெயில் ஏறியதும் கூட்டம் கலைந்தது. மேலத்தெருக்காரர்கள் வயலைப் பார்க்கப் போனார்கள். இப்போது தூக்கலாம் என்பதால் வேம்பன் கோமளத்தைத் தோளில் ஏற்றிக்கொண்டு, தெரு முழுக்கப் பின்னால் வர, ஊரைச் சுற்றிப் போகாமல் ஊருக்குள் நுழைந்தே வீட்டுக்குப் போனான். கரையில் இரண்டு பேர்தான் மிச்சம்.

ஆவுடையப்பர் கேட்டார்.

"இருபத்தஞ்சு நாள் என் பேர்தான் ஊர் முழுக்கப் போச்சு. பக்கத்துலயே இருந்தீங்க. உங்களுக்குப் பெருமைன்னு ஒண்ணு கிடையவே கிடையாதாம்மா?"

"கிடையாதா?" செல்லக்கிளி அவரைத் திரும்பிப் பார்த்தாள். "விடிஞ்சதுலேருந்து நெஞ்சு கொள்ளாம நிக்கிறேன்."

"அப்ப ஏன் முன்னால வரல?"

"பின்னால நின்னாத்தானே அது நடக்கிறது தெரியும். மந்தையிலேருந்து மடை வரைக்கும் கண்ணெடுக்காமப் பார்த்தேன், வைத்தியரே. எது உங்க காலு, எது என் காலுன்னு என்னாலயே கண்டுபிடிக்க முடியல."



செல்லக்கிளி சேலையைச் சற்றுத் தூக்கிச் செருகிக்கொண்டு கரையிலிருந்து இறங்கிப் போனாள். அவர் ஓடுகிற தண்ணீரைக் கொஞ்ச நேரம் பார்த்தபடி நின்றார். பிறகு அவரும் நடந்தார்.