காவலில் வைத்த திராட்சைச் சாறு

கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சைச் சாறு விற்றுப் பிழைத்தவள் ஒச்சம்மா. ஒருநாள் கலால் அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார்.

"சாறு விக்கலாம், ஒயின் விக்கக் கூடாது. இந்தப் பானைச் சாறு புளிச்சு ஒயினாச்சுன்னா உனக்கு ஜெயில்தான்!"

ஒச்சம்மா கும்பிட்டாள். "என் பேச்சை அது எங்கய்யா கேக்கும்? நீங்களே காவல்ல வைங்க. உங்களுக்குன்னா பயப்படும்."

அதிகாரிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பானையைத் துணியால் கட்டி, அரக்கு முத்திரை வைத்து, தன் அறையிலேயே பூட்டினார்.

சில நாள் கழித்து ஊரார் முன்னால் பெருமையாகக் கதவைத் திறந்தார். முத்திரை வெடித்துக் கிடந்தது. நெருப்பே இல்லாமல் பானை நுரைத்துக் கொதித்தது. அறையெல்லாம் ஒயின் மணம். ஒச்சம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"சர்க்கார் பூட்டுக்கே அடங்கலையே சாமி! இப்ப ஜெயிலுக்கு யாருங்கய்யா போகணும்?"