முப்பத்தொண்ணாம் டோக்கன்

"கேக்கலாம் அண்ணாச்சி. ஆனா அவங்க பதில் சொல்லிட்டா என்ன பண்ணுவீங்க?"

எபனேசர் இப்படிச் சொன்னதும் இசக்கிராஜ் பெஞ்சுலேருந்து எந்திரிச்சுட்டார். இது அஞ்சாவது தடவை.

அன்னிக்குத் திங்கக்கிழமை. கலெக்டர் ஆபீஸ்ல மனு வாங்குற நாள். எபனேசர் அந்த வாசல்ல மனு எழுதிக் குடுக்கிறவர். இசக்கிராஜ் ஆறு மாசமா அவர்கிட்ட எழுதப் பழகுறவர். குருவைவிட சிஷ்யனுக்கு எட்டு வயசு கூட.

அன்னிக்கு அவர் கையில இருந்தது சொந்த மனு. அவர் ஊருக்கு இருக்கிற ஒரே வழி ரயில்வே சுரங்கப்பாதை. வருஷா வருஷம் மழைக்குத் தண்ணி நிக்கும். இந்தத் தடவை பன்னெண்டு நாளா வடியல. அவர் சம்சாரத்துக்கு இது ஒம்பதாவது மாசம்.

உள்ள இருபத்தொம்பது ஓடிக்கிட்டிருந்தது. இவர் டோக்கன் முப்பத்தொண்ணு.

"'இது நியாயமா?'ன்னு முடிச்சிருக்கேன் சார். அதுக்குப் போய் யாரு பதில் சொல்லுவா?"

"நான்தான் கலெக்டரம்மான்னு வச்சுக்கோங்க. கேளுங்க."

"இது நியாயமா?"

"இல்லைங்க. நடவடிக்கை எடுக்கிறோம். அடுத்தவங்களை வரச் சொல்லுங்க."

இசக்கிராஜ் உட்கார்ந்தார். உடனே எந்திரிச்சுக் கதவை எட்டிப் பார்த்தார்.

"சரி, அதை விடுங்க. 'ஆயிரம் முறை முறையிட்டோம்.' இது நிக்கும்ல?"

"ரசீது எத்தனை இருக்கு?"

"மூணு."

"மிச்சம் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தேழு எங்கன்னு கேப்பாங்க."

"'எங்கள் நெஞ்சம் பற்றி எரிகிறது'?"

"வாசல்ல போலீஸ்காரர் உங்க தண்ணி பாட்டிலை என்ன பண்ணினார்?"

"மண்ணெண்ணெயான்னு மோந்து பார்த்தார்."

"அந்த இடத்துக்கு எரியுதுன்னு எழுதி எடுத்துட்டு வந்திருக்கீங்க."

பக்கத்துல உட்கார்ந்திருந்த அம்மா சிரிச்சுட்டாங்க.

"முப்பது!" டவாலி கத்தினார். அந்தம்மா சிரிப்பை நிறுத்திட்டு உள்ள ஓடினாங்க.

இசக்கிராஜ் டோக்கனைச் சுருட்டினார், பிரிச்சார், மறுபடி சுருட்டினார்.

"அப்ப உவமை, உயர்வு நவிற்சின்னு ஆறு மாசமா எதுக்கு சார் சொல்லிக் குடுத்தீங்க? சும்மா அழகுக்கா?"

"உவமை எதுக்குன்னு சொன்னேன்?"

"கேக்குறவங்க பார்க்காததைக் காட்டுறதுக்கு."

"நீங்க என்ன எழுதியிருக்கீங்க?"

"'கடல் போல் தண்ணீர்.'"

"கடலை அவங்க பார்த்திருப்பாங்க. லீவுக்குக்கூடப் போயிருப்பாங்க. உங்க சுரங்கப்பாதையைத்தான் பார்க்கல. தண்ணி எவ்வளவு நிக்குது?"

"இவ்வளவு." இசக்கிராஜ் உள்ளங்கையைக் கவுத்து நெஞ்சுக்கு நேரா வச்சார்.

"அது உங்களுக்கு. வீட்டம்மாவுக்கு?"

சம்சாரம் இசக்கிராஜ் தோள் உயரம்தான். கை மெதுவா மேல ஏறி, கழுத்துகிட்ட வந்து நின்னுச்சு.

"முப்பத்தொண்ணு! முப்பத்தொண்ணு யாருப்பா?"

"சார், கூப்பிடுறாங்க. இதுல எதை அடிக்கட்டும்?"

"அடிக்க நேரம் இல்ல அண்ணாச்சி. அந்தக் கையை இறக்காம உள்ள போங்க."

போனார்.