முதுகு அரித்த பூதமும் முத்திரைச் சட்டியும்

முன்னொரு காலத்திலே, பூதங்கள் சந்தைக்குப் போய் உப்பும் புளியும் வாங்கி வந்த காலத்திலே, வெயிலந்தை என்றொரு நாடு இருந்தது. அந்த நாட்டுப் பள்ளிக்கூடத்து முற்றத்தில் ஒரு குழி. குழிக்குள் ஒரு பூதம். பெயர் மண்ணாண்டி. பாவம், அது ரொம்பக் களைத்துப் போயிருந்தது.

ஏன் களைப்பு என்றால், அது இருபது வருஷத்துக் கதை. ஒருநாள் மண்ணாண்டி சந்தைக்குப் போகும் வழியில் முதுகு அரித்தது. பூதத்தின் கை முதுகுக்கு எட்டாது. பள்ளி முற்றத்தில் நின்ற புங்கமரத்தில் சாய்ந்து ஒரு தேய் தேய்த்தது. மரம் வேரோடு விழுந்தது. அதன் நிழலில் தூங்கிக்கொண்டிருந்த மாயக்காரியின் முகத்தில் சுள்ளென்று வெயில் அடித்தது. வந்ததே அவளுக்குக் கோபம்!

"அந்தக் குழியிலேயே கிட! இங்கே இன்னொரு மரம் வளர்ந்து, உன் தலை முழுக்க நிழல் விழுந்தால்தான் விடுதலை. அதுவரை கன்றைத் தொடக் கூடாது. குழியை விட்டு நகரக் கூடாது. யாராவது கேள்வி கேட்டாலொழிய வாய் திறக்கக் கூடாது. கேட்டவர் கண்ணுக்குத்தான் தெரிவாய். இருபத்தொரு வருஷம் கெடு. கெடு தப்பினால் கல்லாய்ப் போவாய்!"

மண்ணாண்டி புகைபோலச் சுருண்டு குழிக்குள் போனது. தலை மட்டும் வெளியே. இருபத்தொரு வருஷம் தாராளம் என்றுதான் அது நினைத்தது. அரண்மனை விழாக்களைப் பற்றி அதற்கு என்ன தெரியும்?

அந்த நாட்டு ராஜா விழாப்பிரியர். அவர் பிறந்தது கொளுத்தும் சித்திரையில். வருஷா வருஷம் பிறந்தநாளன்று பள்ளிக்கூடத்தில் கன்று நடுவார். யானை வரும், மேளம் வரும், ராஜா வருவார். அரச முத்திரை பதித்த மண்சட்டியில் கன்று வரும். சட்டியோடு குழியில் இறக்குவார்கள். முத்திரையை உடைத்தால் சிறையாயிற்றே, யார் உடைப்பார்கள்? பிள்ளைகள் "மரம் வளர்ப்போம், மரம் வளர்ப்போம், மரம் வளர்ப்போம்" என்று மூன்று முறை கத்துவார்கள். எல்லோரும் கைதட்டிவிட்டுப் போய்விடுவார்கள். கன்று பத்து நாளில் காயும். அடுத்த வருஷம் அதைப் பிடுங்கிவிட்டு, அதே குழியில் புதுக் கன்று. குழிதான் தயாராக இருக்கிறதே!

முதல் வருஷம் மண்ணாண்டி ஆசையோடு பார்த்தது. பத்தாவது வருஷம் பெருமூச்சு விட்டது. இருபதாவது வருஷம் வெறும் கொட்டாவிதான். காய்ந்த கன்றைப் பார்த்து "ஐயோ பாவம்" என்றவர்கள் எத்தனையோ பேர். ஏன் என்று கேட்டவர் ஒருவர்கூட இல்லை.

இருபதாவது கன்று நட்ட அன்று பூவாயி என்ற குயவர் வீட்டுப் பெண் குழியருகே நின்றாள். அவளுக்கு அது தண்டனை. சிவக்கொழுந்து வாத்தியார் தினமும் நகம் பார்ப்பார். நகத்தில் மண் இருந்தால் வெயிலில் நிற்க வேண்டும். மண்பானை செய்கிற வீட்டுப் பிள்ளை நகத்தில் மண் இல்லாமல் எப்படி இருக்கும்?

கால் கடுக்க நின்றவள் கன்றைப் பார்த்து முனகினாள். "நீயும் என்னை மாதிரிதான். ஏன்தான் வருஷா வருஷம் செத்துப் போறியோ?"

மண்ணாண்டிக்குத் தூக்கிவாரிப் போட்டது. கேள்வி! இருபது வருஷத்தில் முதல் கேள்வி!

"கைய விட்டுப் பாரு, புள்ள" என்றது. அவ்வளவு பேசியதற்கே அதற்கு மூச்சு வாங்கியது.

பூவாயி பயந்துதான் போனாள். ஆனாலும் கையை விட்டாள். மண்ணுக்குள் சட்டி தட்டுப்பட்டது. சட்டிக்குள் வேர், போக வழியில்லாமல் சுற்றிச் சுற்றிக் கிடந்தது.

"இதுக்கு மூச்சு முட்டுதே! உடைச்சா என்னை ஜெயில்ல போட்டுருவாங்களா?"

"போடுவாங்க."

"உடைக்கலைன்னா?"

"அது சாகும். அடுத்த சித்திரையில நான் கல்லாயிருவேன். ரொம்ப அலுத்துப் போச்சு புள்ள, கல்லானாலும் பரவாயில்லைன்னுகூட இருக்கு."

பூவாயிக்கு அழுகை வந்தது. அது அப்பா செய்த சட்டி. எங்கே தட்டினால் உடையும் என்று அவளுக்குத் தெரியும். ஒரு கல்லை எடுத்து ஒரே தட்டு. முத்திரை இரண்டாகப் பிளந்தது. வேரை விரலால் மெல்லப் பிரித்து மண்ணில் விட்டாள்.

மறுநாள் அவள் நகத்தில் இன்னும் மண். மறுபடி தண்டனை. மறுபடி கேள்வி.

"இலை ஏன் துவளுது?"

"மண்ணுல கைய வச்சுப் பாரு."

வைத்தாள், சுட்டது. சத்துணவு சாப்பிட்டுவிட்டுக் கை கழுவுகிற தண்ணீரை அன்றிலிருந்து குழியில் விட்டாள். அதைப் பார்த்து மற்ற பிள்ளைகளும் குழியில் கை கழுவினார்கள்.

ஆடியில் ஆடு வந்து பாதி இலையைத் தின்றுவிட்டது. மூன்றாவது கேள்வி.

"இனி என்ன செய்யட்டும்?"

மண்ணாண்டி கொட்டாவி விட்டது. "எனக்கே தெரியலை. நான் குழிக்குள்ளதான இருக்கேன்?"

பிள்ளைகளே கருவேல முள் வெட்டி வந்து வேலி கட்டினார்கள். எல்லோர் கையிலும் முள் கீறல், எல்லோர் நகத்திலும் மண். வாத்தியார் பிரம்பைத் தூக்கினார். வரிசையில் நின்ற நாற்பது பேரையும் பார்த்தார். பிரம்பைக் கீழே போட்டுவிட்டு, "வேலியில அந்தப் பக்கம் ஓட்டை இருக்கே" என்று தானும் குனிந்தார்.

சித்திரை வந்தது. கன்று இப்போது பூவாயியின் தலைக்கு மேல். உச்சி வெயிலில் நிழல் மண்ணாண்டியின் தலையில் விழுந்தது. ஆனால் முழுத் தலையும் மறையவில்லை. இடது காது மட்டும் வெயிலில் காய்ந்தது.

கெடு முடிகிற நாள். யானை வந்தது, மேளம் வந்தது, முத்திரைச் சட்டியில் புதுக் கன்று வந்தது, ராஜா வந்தார்.

"குழி எங்கே? குழியில் என்னமோ முளைத்திருக்கிறதே!"

"பிடுங்கிவிடலாம் மகாராஜா. விழாவுக்கு நேரமாகிறது" என்றார் மந்திரி.

சேவகர்கள் வேலியைப் பிரித்தார்கள். மண்ணாண்டி கண்ணை மூடிக்கொண்டது. அதன் கால் விரல்கள் கல்லாகத் தொடங்கிவிட்டன.

பூவாயி மரத்தின் முன்னால் போய் நின்றாள். "பிடுங்காதீங்க மகாராஜா! நடுறதுக்கு முற்றம் முழுக்க இடம் கிடக்கு. புதுக் குழி நாங்க வெட்டித் தாறோம்."

ராஜாவின் கண் கீழே கிடந்த உடைந்த சட்டி ஓட்டில் விழுந்தது. "என் முத்திரை! உடைத்தது யார்?"

பூவாயி மண் அப்பிய இரண்டு கைகளையும் நீட்டினாள். அவள் பக்கத்தில் இன்னொரு ஜோடிக் கை நீண்டது. அப்புறம் இன்னொன்று. நாற்பது ஜோடியும் நீண்ட பிறகு, கடைசியாகச் சிவக்கொழுந்து வாத்தியாரின் கையும் நீண்டது. அவர் நகத்திலும் மண்.

ராஜா திகைத்து நின்ற அந்த நேரம் சூரியன் உச்சிக்கு வந்தது. நேற்று விரிந்த ஒரு தளிர் இடது காதின் மேல் நிழலைப் போட்டது.

கிடுகிடுவென்று தரை ஆடியது. மண்ணாண்டி வெளியே வந்து மலையாட்டம் நின்றது. சேவகர்கள் ஓடினார்கள், மந்திரி ஓடினார், யானையும் ஓடியது. ராஜாவுக்குக் கால் வரவில்லை.

மண்ணாண்டி சோம்பல் முறித்தது. இருபத்தொரு வருஷமாக அடக்கி வைத்த முதுகு அரிப்பு அப்போதுதான் அதற்கு நினைவு வந்தது. மெல்லத் திரும்பி மரத்தைப் பார்த்தது. பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

பூதம் மரத்துக்கு முதுகைக் காட்டாமல் நாலடி தள்ளிப் போய்க் குப்புறப் படுத்தது.

"புள்ள, கொஞ்சம் சொறிஞ்சு விடேன்."

பூவாயி களைக்கொத்தியோடு முதுகில் ஏறினாள். நாற்பது பிள்ளைகளும் ஏறினார்கள்.

"நான்... நான் என்ன செய்யட்டும்?" என்றார் ராஜா. தான் என்ன செய்வது என்று அவர் வாழ்நாளில் கேட்டது அதுதான் முதல் முறை.

"உங்க சட்டிய உடைங்க" என்றது பூதம், கண்ணைத் திறக்காமலே.

ராஜா மோதிரங்களைக் கழற்றிவிட்டுச் சட்டியை உடைத்தார். மண்ணில் கையை விட்டார்.

அப்புறம் மண்ணாண்டி மலைக்குப் போய்ப் படுத்தது. அலுப்புத் தீர இன்னும் தூங்கிக்கொண்டிருக்கிறது. நீங்களும் சத்தம் போடாமல் எழுந்து போங்கள்.