மூடாதே என்ற குழி

கதையைக் கேட்டுவிட்டு மெல்ல நழுவிவிடக் கூடாது. முடிவில் ஒரு கேள்வி இருக்கிறது. பதில் சொல்லிவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும்.

மலையடிவாரத்தில் பொன்னரிப்பள்ளம் என்று ஒரு காட்டாறு. அதன் மணலில் பொன்துகள் உண்டு. பிழைப்புக்குப் போதாது, பொழுதுபோக்குக்குப் போதும். ஆறு பொதுச் சொத்து என்பதால், ஞாயிற்றுக்கிழமைகளில் அனுமதிச் சீட்டு வாங்கி யாரும் மணலை அரித்துப் பார்க்கலாம். விதிகள்தான் கறார். மண்வெட்டி கூடாது, இயந்திரம் கூடாது. கையும் மரத்தட்டும் மட்டுமே. கரையைத் தோண்டக் கூடாது. கிடைத்த துகள் கிடைத்தவருக்கே. ஆனால் தோண்டிய குழியை, வெயில் இறங்குமுன் மூடிவிட்டுத்தான் கரையேற வேண்டும்.

இந்தக் கடைசி விதி ஓர் உயிர் போன பிறகு வந்தது. யாரோ மூடாமல் விட்டுப்போன குழியில் கால்வைத்து, மருதாசலம் என்பவர் தண்ணீரோடு உள்ளே போனார். உடல்கூடக் கிடைக்கவில்லை. அவர் மனைவி பாவாயி அன்றிலிருந்து ஒரு ஞாயிறும் தவறாமல் தட்டும் கையுமாக வந்துகொண்டிருந்தாள். பொன்னுக்கு அல்ல. சீட்டு வாங்கியவர்களை மட்டும்தான் ஆற்றில் இறங்கவிடுவார்கள். கணவனைத் தேட அவளுக்கு வேறு வழி இல்லை.

அங்கே காவலுக்கு இருந்தவர் செங்கோடன். மருதாசலத்தைவிட வயதில் சின்னவர், சிறுவயதிலிருந்து அவர் பின்னாலேயே திரிந்தவர். காலையில் பாறைமேல் ஏறி நின்று, இறங்குகிற ஒவ்வொருவரின் பெயரையும் உரக்கக் கூப்பிடுவார். சாயங்காலம் அதேபோலக் கூப்பிடுவார். பதில் வராத பெயர் இருந்தால் தேடப் போக வேண்டும். எதிர்ப்பாறை அந்தப் பெயர்களைத் திருப்பிச் சொல்லும். சில நாள் சற்றுத் தாமதித்துச் சொல்லும். செங்கோடனின் பெயரை மட்டும் அங்கே யாரும் சொன்னதில்லை. எல்லாரும் 'கார்டு' என்பார்கள், பாவாயி 'அண்ணா' என்பாள்.

அன்று காலையும் "பாவாயி!" என்று கூப்பிட்டார்.

"வந்துட்டனுங்கண்ணா," என்று அவள் லேசாகச் சிரித்தாள். "எம் பேரை இப்புடி முழுசாச் சொல்றது நீங்க ஒருத்தருதானுங்க. எங்கூட்டுக்காரரு கல்யாணப் பத்திரிகையில படிச்சதோட சரி. அப்புறம் எப்பவும் அம்மிணிதான்."

அவள் சிரித்து வெகுநாளாயிற்று என்று செங்கோடன் நினைத்துக்கொண்டார்.

அன்று வந்தவர்களில் இளஞ்சேரல் என்று ஒரு பல் டாக்டர். ஒரு துகள் கண்ணில் பட்டதும் மனிதருக்கு ஆசை பிடித்துக்கொண்டது. தட்டாலும் நகத்தாலும் பறித்துப் பறித்து இடுப்பளவு ஆழத்துக்குப் போய்விட்டார். வெயில் மலைமுகட்டைத் தொடப்போகிற நேரம். "போதும் சார், மூடுங்க" என்று சொல்லச் செங்கோடன் அருகே போனார். டாக்டரோ தட்டைப் போட்டுவிட்டு, தவழ்ந்து வெளியே வந்து, விழுந்தடித்துக்கொண்டு கரைக்கு ஓடினார். எத்தனையோ பேரை நாற்காலியில் நடுங்க வைத்தவர், பல் கிட்டித்துப் போய் நின்றார்.

குழிக்குள்ளிருந்து குரல் வந்தது.

"பாவாயி... மூடாதே பாவாயி... கையைக் குடு."

வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு பேசுகிற மருதாசலத்தின் குரல்தான். குழியில் ஆளில்லை. அடியில் ஊறிய தண்ணீர் மட்டும் மெல்லச் சுழன்றுகொண்டிருந்தது.

பாவாயி ஓடிவந்து மணலில் குப்புற விழுந்தாள். கையை உள்ளே நீட்டினாள். செங்கோடன் அவள் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்துவிட்டு, இரண்டு கையாலும் மணலைத் தள்ளத் தொடங்கினார். ஏன் என்று அவருக்கே தெரியவில்லை. வெயில் இறங்குமுன் மூட வேண்டும் என்ற அந்த ஒரு விதிதான் மனதில் நின்றது.

"மூடாதீங்க! அவரு உசுரோட இருக்காருங்க! செங்கோடண்ணா, உங்க காலைப் புடிக்கறேன், செங்கோடண்ணா!"

அவள் அலறல் எதிர்ப்பாறை வரை போய் வந்தது. செங்கோடன் அழுதுகொண்டே தள்ளினார். உள்ளே குரல் கம்மியது, பின் நின்றது. வெயில் இறங்கியபோது மணல் சமமாக இருந்தது.

"எம் புருசனை உசுரோட பொதைச்சுட்டீங்க," என்றாள் பாவாயி.

இப்போது சொல்லுங்கள். கணவனுக்குக் கை நீட்டிய பாவாயி, காரணம் தெரியாமலே விதியைப் பிடித்துக்கொண்ட செங்கோடன், இவர்களில் யார் செய்தது சரி? குழிக்குள் இருந்தது யார்?

விடை: செங்கோடன் செய்ததே சரி. வீடு திரும்பும் வழியில் அவருக்கே அது உறைத்தது. "ஏம்மா, மருதண்ணன் உன்னை என்னைக்காவது பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்காரா?" என்று கேட்டார். பாவாயி நடுவழியில் நின்று அழுதாள். உள்ளே இருந்தது மருதாசலம் அல்ல, வேறு ஏதோ. அது குரலை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது; பெயரைக் காலையில் செங்கோடன் பாறைமேலிருந்து கூப்பிட்டபோது கேட்டுக்கொண்டது. பாவாயி அதன்பிறகு ஆற்றுக்கு வரவில்லை. செங்கோடனால் வராமல் இருக்க முடியுமா? அவருக்கு வேலை அங்கே. அடுத்த ஞாயிறு எல்லாரும் கரையேறிய பின், குழியே இல்லாத மணலுக்கு அடியிலிருந்து, வெற்றிலைக் குதப்பலோடு ஓர் அழைப்பு வந்தது: "செங்கோடண்ணா." உயிரோடிருந்தவரை மருதாசலம் அவரை "டேய்" என்றுதான் கூப்பிட்டார்.